40 நிமிடம் பிந்திய ரயிலுக்கு யார் பொறுப்பு?

ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பிரான்சில் வசிக்கும் நான் ஒரு கோடையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்கு ரயிலில் புறப்பட்டேன். ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோவில் தேர். பல நாடுகளிலிருந்தும் எங்கள் சனம் கூடும் நாள். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம். விமான நிலையத்தில் நெடுந்தூரம் நடக்க ஏலாது.

ஒரே ரிக்கற்றாக எடுக்க முடியவில்லை. இரண்டு நிறுவனங்களிடம் இரண்டு ரிக்கற். வண்டி மாற 35 நிமிடம் இருந்தது. முதல் வண்டி 40 நிமிடம் பிந்தியது. கருமபீடத்தில் இருந்த பெண் ரிக்கற்றை இரண்டுதரம் பார்த்துவிட்டு, "இது போய்விட்ட வண்டிக்கு மட்டும்தான் செல்லும். பிந்தியது எங்கள் வண்டி இல்லையே" என்றார். அன்றைய விலைக்குப் புதிதாக எடுத்தோம். அம்மா சாமிக்கென்று கட்டிய மல்லிகைச் சரத்தை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்தபடி வாங்கிலில் இருந்தார். மூன்று மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். தேர் இருப்புக்கு வந்துவிட்டது.

நிறுவனங்களின் பெயரை எழுதவில்லை. கோளாறு சட்டத்தில் இருக்கிறது. ரயில் பயணிகளின் உரிமை பற்றி 2023 ஜூன் முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 ஒழுங்குவிதிப்படி, 60 நிமிடம் பிந்தினால் ரிக்கற் விலையில் 25 வீதமும் 120 நிமிடம் பிந்தினால் 50 வீதமும் இழப்பீடு. முதல் வண்டி பிந்தியது 40 நிமிடம்தான். இரண்டாவது வண்டி நேரத்துக்கே போனது. சட்டத்தின் கண்ணுக்கு அன்று எதுவும் நடக்கவில்லை. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு கொடுக்கவேண்டும் என்ற கட்டாயமும் ஒரே நிறுவனத்தின் வண்டிகளோடு நின்றுவிடுகிறது.

எல்லை தாண்டும் ரயில்களுக்கு வேறு தடைகளும் உண்டு. வண்டியை ஓட்டும் மின்சாரம் பிரான்சின் அதிவேகப் பாதைகளில் 25,000 வோல்ட், ஜேர்மனியில் 15,000, பெல்ஜியத்தின் பழைய பாதைகளில் 3,000. சமிக்ஞைகளும் நாட்டுக்கு நாடு வேறு. அவற்றைச் சீராக்கக் காலமும் பெரும்பணமும் வேண்டும், பொறுத்திருப்போம். ரிக்கற்றைச் சீராக்கச் சுரங்கம் தோண்டத் தேவையில்லையே. நேரடி வண்டிகளும் நிலைப்பதில்லை. 2023 டிசம்பரில் பாரிஸுக்கும் பேர்லினுக்கும் இடையே ஒஸ்திரிய ரயில்வே தொடங்கிய இரவு ரயில், பிரான்ஸ் அரசு மானியத்தை நிறுத்தியதால் இரண்டே ஆண்டில் நின்றது. நேரடி வண்டி குறையக் குறைய மாறி ஏறும் இடங்கள் கூடும். ஒவ்வொரு மாற்றத்திலும் பயணி தனித்து விடப்படுகிறார்.

ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஊர்சுலா வொன் டெர் லையன் 2024 ஜூலையில் ஒற்றைப் பயணச்சீட்டுச் சட்டம் வரும் என்று வாக்களித்தார். அதை நீங்கள் கையிலெடுக்கும்போது, எந்தச் செயலியில் வாங்கலாம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். மாறி ஏறவேண்டிய வண்டியைத் தவறவிட்டவரை, யாருடைய வண்டியானாலும், அடுத்ததில் மறுகட்டணமின்றி ஏற்றவேண்டும். இரவாகிவிட்டால் தங்க இடம் கொடுக்கவேண்டும். செலவை நிறுவனங்கள் பின்னர் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளட்டும். சிறிய நிறுவனங்களால் தாங்க முடியாது என்று உங்களிடம் சொல்வார்கள். அது நியாயமான கவலை. அதற்கு எல்லோரும் பயணிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் போடும் பொதுநிதி ஒன்றை வைக்கலாம். அந்தப் பாரத்தை ரயில்வேக்கள் சுமக்கலாம், கைப்பையோடு மேடையில் நிற்கிற கிழவி சுமக்க முடியாது.

இந்த முறையும் தேருக்குப் போகவேண்டும் என்கிறார் அம்மா. தம்பி விமானத்தில் கூட்டிவரச் சொல்கிறான். நான் இன்னும் ரிக்கற் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
பிரான்சில் வாழும் ஒரு ரயில் பயணி