உம்மாவுக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

பத்தமடையில் நாற்பது ஆண்டுகளாகக் கோரைப்பாய் நெய்துவரும் எங்கள் உம்மா, மூளையின் இடப்பக்கத்து இரத்தக்குழாய் அடைத்துப் பேச்சிழந்தபோது கைகொடுத்த அனைவருக்கும் மனமார நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

முதலில் பேச்சுப் பயிற்சியளித்த அம்மையாருக்கு. பார்க்க வந்த சிலர் உம்மாவின் காதுபடவே, "இனிப் பழைய ஆளா வரமாட்டாக" என்று சொல்லிச் சென்ற நாட்கள் அவை. என் பெயரைச் சொல்ல முடியாமல் உம்மாவின் உதடு துடித்தபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஆராய்ந்த நோயாளி, 'டான்' என்ற ஓரசை தவிர ஏறக்குறைய எதுவும் சொல்ல இயலாதவராயினும், பிறர் பேச்சைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார் என்பதை அம்மையார் எடுத்துச் சொல்லி, உம்மாவைக் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா ஓதச் சொன்னார். தண்ணீர் கேட்கவும் சொல் வராத வாயிலிருந்து ஏழு வசனங்களும் தடங்கலின்றி வந்தன. நான் அறைக்கு வெளியே சென்று அழுதேன்.

மூன்றாம் மாதம் உம்மாவைத் தறியருகே அமர்த்திய எங்கள் தெருப் பெண்களுக்கும் நன்றி. ஊறவைத்து மெல்லியதாய்க் கிழித்த கோரையை விரலிடையில் வைத்ததும், வலுக்குறைந்த அந்த வலக்கை பாவு நூல்களைத் தானே தேடிச் சென்றது. கைப்பழக்கத்தை மூளை வேறிடங்களில் காக்கிறது என்று நரம்பியல் மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார்: 1953இல் வலிப்புக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்தும் ஆற்றலை இழந்த ஹென்றி மொலைசன், கண்ணாடியில் பார்த்து வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினாராம், முந்தைய நாள் வரைந்ததே நினைவில்லாமல்.

உம்மா முற்றிலும் பழைய உம்மா அல்லர். சட்டென்று சினந்துகொண்டிருந்தவர்கள் இப்போது சட்டென்று கண்கலங்குகிறார்கள். ஆயினும் நாள்தோறும் பயிலப் பயில மூளையில் இணைப்புகள் இந்த வயதிலும் வலுப்பெறுகின்றன. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன.

இம்மடலைப் படித்துக் காட்டியபோது, உம்மா கையுயர்த்தி என்னை நிறுத்தி, "ஆட்டோ" என்றார்கள். அன்று விடியுமுன் வண்டியெடுத்து, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்துக்குரிய நாலரை மணி நேரத்துக்குள் எங்களைத் திருநெல்வேலியில் சேர்த்த எதிர்வீட்டு அண்ணனை நான் விட்டுவிட்டேன். அண்ணனுக்கு இந்த நன்றி உம்மா சொன்னது.