டர்போ எஞ்சினுக்குப் பிஸ்டன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் உடைந்த பிஸ்டனின் படங்களும் வந்து சேர்ந்தன. மகளுக்கு அவள் விரும்பிய வேலையே கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு எங்கள் ஆசிகளைச் சொல். இங்கே பட்டறைப் பொறுப்பு முழுவதும் மகன் கைக்குப் போய்விட்டது. அளவெடுக்கும் வேலையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மைக்ரோமீட்டரின் கோடுகள் பழையபடி தெளிவாகத் தெரிகின்றன. அதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) பொருத்திய எஞ்சினில் பிஸ்டன் உடைந்துவிட்டது, புதிய பிஸ்டனுக்கு எந்தப் பூச்சு நல்லது என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன், அந்தப் பிஸ்டன் ஏன் உடைந்தது என்று தெரிய வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் உட்காரும் ரிங்குகளில், முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள வரம்பு பெயர்ந்திருக்கிறது. டர்போ பொருத்தும்போது பழைய ரிங்குகளை அப்படியே விட்டதாக எழுதியிருக்கிறாய். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 74 மி.மீ. என்றால் ரிங்கின் சுற்றளவு ஏறக்குறைய 232 மி.மீ. சிலிண்டர் சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் நீளம் கால் மில்லிமீட்டருக்கு மேல் வளரும். ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே, டர்போ இல்லாத எஞ்சினுக்கென்று வைத்த வாய் இடைவெளி அதில் மூடிக்கொள்ளும். இரு முனைகளும் முட்டிக்கொண்ட பிறகு ரிங் விரிய இடமில்லாமல் சுவரை நெருக்கும், வரம்பையும் பெயர்த்துவிடும். நாக்கிங்காலும் (கலவை சீராக எரியாமல் வெடிப்பதுபோல் எரிவது) அதே இடம் உடையும். எது என்று கண்டுபிடிக்க ரிங்கின் முனைகளைப் பார். அவை கண்ணாடிபோல் மின்னினால் முட்டியிருக்கிறது. பிஸ்டன் தலையின் விளிம்பில் மணல் தெறித்ததுபோல் பொடிப்பொடிக் குழிகள் இருந்தால் நாக்கிங். இரண்டும் இருந்தால் இரண்டையும் சரிசெய்தாக வேண்டும். எந்தப் பூச்சும் இந்த இரண்டுக்கும் மருந்தாகாது. இதை நீ மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அடுத்தது உலோகம். வார்ப்புப் பிஸ்டன் மண்சட்டி மாதிரி, ஓங்கி ஓர் அடி விழுந்தால் உடைந்துவிடும். ஃபோர்ஜ்டு (அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன் பித்தளைச் செம்பு மாதிரி, நெளிந்து தாங்கும். ஆகவே ஃபோர்ஜ்டு வாங்குவது என்ற உன் முடிவு சரியானது. 4032, 2618 என்ற இரண்டு அலுமினியக் கலவைகளில் எது என்பதில்தான் உன்னோடு எனக்குக் கருத்து வேறுபாடு. 4032-இல் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. 2618-இல் அது இல்லை என்றே சொல்லலாம்; செம்பும் மக்னீசியமும், கொஞ்சம் இரும்பும் நிக்கலும்தான் அதற்கு வலிமை தருகின்றன. சூட்டிலும் வலிமையைத் தக்கவைப்பதில் 2618 கெட்டி. அந்தக் குடும்பத்துக் கலவையில்தான் கான்கார்ட் விமானத்தின் மேல்தோலைச் செய்தார்கள். ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கும்போது ஏறும் சூட்டைச் சாதாரண விமான அலுமினியம் நெடுங்காலம் தாங்காது என்பதே காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

ஆனால் 2618 அதிகமாக விரிகிறது. 74 மி.மீ. விட்டம் 100 டிகிரி சூடேறினால் 4032 சுமார் 0.144 மி.மீ. வளரும், 2618 சுமார் 0.165 மி.மீ. அதனால் குளிர்ந்த நிலையில் சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கூடுதல் இடம் விட வேண்டியிருக்கிறது. காலையில் வண்டியைக் கிளப்பியதும் பிஸ்டன் சுவரில் தட்டும் சத்தம் கேட்கும். சிலிக்கான் இல்லாததால் ரிங் பள்ளங்களும் சீக்கிரம் தேயும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் அடிக்கடி பிரித்துப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அது பொருட்டில்லை. நீ வண்டியை நாள்தோறும் ஓட்டுகிறவன், பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) 0.6 பாருக்கு மேல் போகப்போவதில்லை என்கிறாய். உனக்கு 4032 போதும். பூஸ்டை ஒரு பாருக்கு மேல் ஏற்றும் எண்ணம் வந்தால் 2618-க்குப் போ, சத்தத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்.

கம்ப்ரஷன் விகிதத்தை (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை) 8.5-க்கு இறக்குவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். பூஸ்ட் ஏறும்வரை எஞ்சின் சோம்பலாக இருக்கும். சின்ன எஞ்சினில் அது நன்றாகவே தெரியும். 9.5-க்கு இறக்கினால் போதும். ஒரு சிலிண்டருக்கு 333 சி.சி. என்று வைத்தால், 11-இலிருந்து 9.5-க்கு வர எரியறையில் 6 சி.சி. கூட்டினால் போதும். அந்தக் குழியைப் பிஸ்டன் தலையின் நடுவில் எடுக்கச் சொல். ஓரத்துச் சமதளம் அப்படியே இருந்தால்தான் கலவை நடுப்பக்கம் பிதுங்கி வேகமாக எரியும், நாக்கிங்கும் குறையும்.

இப்போது பூச்சுக்கு வருகிறேன். ஸ்கர்ட்டுக்கு (சிலிண்டர் சுவரை ஒட்டி நகரும் பிஸ்டனின் கீழ்ப்பகுதி) மாலிப்டினம் டைசல்ஃபைடோ கிராஃபைட்டோ கலந்த பிசின் பூச்சைத் தயங்காமல் போடு. எண்ணெய் எட்டாத முதல் சில சுற்றுகளில் உரசலிலிருந்து காப்பாற்றும், சத்தத்தையும் சற்று அடக்கும். க்ளியரன்ஸை (சுவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை) பூச்சுக்கு மேல் அளப்பதா, வெறும் உலோகத்தில் அளப்பதா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். அவர்கள் தரும் தாளைப் படிக்காமல் போரை ஹோன் செய்யாதே (தேய்த்து அளவுக்குக் கொண்டுவராதே). முதல் ரிங் பள்ளத்துக்கு ஹார்டு அனடைசிங் (அலுமினியத்தின் மேல் கெட்டியான ஆக்சைடு படலம் உண்டாக்குவது) செய்துகொள். ரிங்கும் அலுமினியமும் ஒட்டிப் பிய்வதைத் தடுக்கும்.

தலையில் பூசும் செராமிக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தடித்த செராமிக்கால் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடலாம் என்று பல ஆண்டுகள் முயன்றார்கள். பூச்சு எந்நேரமும் சூடாகவே இருந்தது. உள்ளே வரும் காற்றையும் அது சூடாக்கியது. பெட்ரோல் எஞ்சினில் அது நாக்கிங்கைக் கூட்டவே செய்யும். டொயோட்டா 2015-இல் தன் 2.8 லிட்டர் டீசல் எஞ்சினில் வேறு வழியைக் கையாண்டது. பிஸ்டன் தலையில் நுண்துளைகள் கொண்ட அனடைஸ் படலத்தை உண்டாக்கி, அதைச் சிலிக்காவால் வலுப்படுத்தினார்கள். அந்த மெல்லிய படலம் எரியும்போது சட்டென்று சூடாகி, காற்று வரும்போது சட்டென்று ஆறிவிடுகிறது. உனக்கும் மெல்லியதே போதும். 300 டிகிரியை நெருங்கும்போது அலுமினியம் பாதிக்கு மேல் வலிமையை இழந்துவிடும் என்பதால், தலைக்குப் போகும் சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலும் பலன்தான். ஆனால் பூச்சை எத்தனை டிகிரியில் சுடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள். 4032-ஐக் கடினப்படுத்துவது 170 டிகிரி அளவில்தான். அதைத் தாண்டி நெடுநேரம் அடுப்பில் வைத்தால் நீ காசு கொடுத்து வாங்கிய வலிமை அங்கேயே போய்விடும். பூசும் முன் மணல் அடிக்கும்போது ரிங் பள்ளங்களையும் பிஸ்டன் பின் (இணைப்பு ஊசி) செருகும் துளையையும் எண்ணெய்த் துளைகளையும் மூடச் சொல். ஒரு துகள் தங்கினாலும் சிலிண்டர் கீறிவிடும்.

பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெய் ஒட்டாத பூச்சும் வேண்டும் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் எஞ்சினில் கீழிருந்து எண்ணெய் பீய்ச்சும் ஜெட் இருக்கிறது. அந்த எண்ணெய்தான் தலையின் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. அங்கே எதையும் பூசாதே.

எடை பார்ப்பதைப் பூச்சு வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள். ரிங் முனைகளை உரசும் முன் போரின் அளவை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக எடுத்து எனக்கு எழுது. முதல் ரிங்குக்கு வாய் இடைவெளி 0.40 மி.மீ. என்று இப்போதைக்கு நினைக்கிறேன். உன் அளவுகளையும் தயாரிப்பாளரின் தாளையும் பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன். பழைய ரிங்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதே, அந்த முனைகளின் படத்தை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்