குறையை முதலில் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

காசிமேட்டுச் சொந்தங்களுக்கு வணக்கம்.

எங்கள் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் இரண்டு வாரத்துக்கு முன் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்கள், வர முடியாமல் ஆள் அனுப்பியவர்கள், நாற்காலி தூக்கியவர்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் இந்த மடல். குழுத் தலைவி என்று என்னைச் சொன்னாலும் எனக்குத் தெரிந்த வேலை தையல் மெஷின் மிதிப்பதுதான். எழுத்தில் பிசிறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி, நிகழ்ச்சி நிரலைத் தலைகீழாக்கிய பெரியவருக்கு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதே பள்ளியில் படித்தவர். வரவேற்பு, மாணவர் பாராட்டு, அப்புறம் குறைகேட்பு என்று நாங்கள் வரிசை போட்டிருந்தோம். தாளைப் பார்த்தவர், "பொன்னாடை போத்தினதும் பாதிப் பேரு செருப்பு தேட ஆரம்பிச்சிடுவாங்கம்மா. குறையை முதல்ல வை. பசங்க பரிசு வாங்குறதைப் பாக்கணும்னா எல்லாரும் உக்காந்துதானே ஆகணும்" என்றார். அன்றைக்கு நடந்த நல்லது பாதி அந்த ஒரு யோசனையால் நடந்தது.

மீதிப் பாதி கடலால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பள்ளி திறந்து, தடையும் முடியாமல் இருக்கும் அந்தச் சில நாள்தான் எங்கள் பகுதியில் அப்பாக்கள் பள்ளிக்கூடம் வர முடிகிற நாள். கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள் இருக்க வேண்டும். பெண்கள் எப்போதும் வருகிறோம். அப்பாக்களை உட்கார வைத்ததுதான் இந்த முறை புதுசு. வலை பின்னுகிற இடத்துக்கே போய் ஒவ்வொருவரையும் கூப்பிட்ட ஏழாம் வகுப்பு ஆசிரியைக்கு நன்றி. டீச்சர், உங்கள் சேலையில் ஒட்டிய டீசல் கறை போச்சா?

குறைகளைப் பேர் போடாமல் எழுதிப் போட ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தோம். பிள்ளைகளும் போடலாம் என்று சொன்னது தலைமை ஆசிரியர். மூன்றாவதாகப் பிரித்த சீட்டு, நான்கு கோட்டு நோட்டிலிருந்து கிழித்தது. "பொண்ணுங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனா ஒருத்தி கதவைப் பிடிச்சிக்கணும். அதனால நாங்க தண்ணி குடிக்கிறதில்லை." அவ்வளவுதான். படித்து முடித்ததும் மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. எழுதியவள் யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்குச் சபைக்கே ஒரு நன்றி. எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. மாதாமாதம் அந்த வராந்தாவைத் தாண்டிப் போகிறேன், அந்தக் கதவை ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை.

மனு எழுதுவதா, யாருக்கு எழுதுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே படகுத் தச்சர் ஒருவர் எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். கூட்டம் முடிவதற்குள் நான்கு கதவுக்கும் தாழ்ப்பாள் அடித்துவிட்டார். படகில் அடிக்கிற துருப்பிடிக்காத சாமானாம், உப்புக்காற்றுக்குத் தாங்கும் என்றார். காசு வாங்க மாட்டேன் என்றவருக்கு ஒரு டீயாவது வாங்கித் தந்த ஜி.எம். பேட்டை டீக்கடை அண்ணனுக்கும் நன்றி.

வருவதாகச் சொல்லி வராத அலுவலர் ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவருக்காக முன்வரிசையில் போட்ட நாற்காலி காலியாக இருந்ததால்தான், நிற்க முடியாமல் வாசலில் சாய்ந்திருந்த ஆயாவை உட்கார வைத்தோம். உட்கார்ந்ததும் கேட்டாரே ஒரு கேள்வி! "சின்னவனுக்கு இங்கே காலையில சோறு போடுறீங்க, அவன் அக்காளுக்கு ஏன் இல்லை?" பேத்தி ஆறாம் வகுப்பு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோதே 1 முதல் 5ஆம் வகுப்பு வரை என்றுதான் வந்தது. அம்மா விடியாத நேரத்தில் மீன் ஏலத்துக்குப் போகிற வீட்டில் அக்காதான் தம்பியைக் கிளப்பி விடுகிறாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். 1920-லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்ட மாநகராட்சி இது. அப்போது தலைவராக இருந்த தியாகராயர் நம்ம வண்ணாரப்பேட்டைக்காரர். அந்த உரிமையில் ஆயாவின் கேள்வியைத் தீர்மானமாக எழுதி அனுப்பியிருக்கிறோம். கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும், கைநாட்டு வைத்த ஆயாவுக்கும் நன்றி.

பிள்ளைகள் கடக்கிற சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற குறை முழுசாகத் தீரவில்லை. ஆனால் காலை எட்டரை மணிக்கு ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து நின்று பிள்ளைகளைச் சாலை கடத்தி விடுகிறார். ஐயா, மழைக்காலத்திலும் வருவீர்கள்தானே?

சரி, பாராட்டுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வு எழுதித் தேறிய இரண்டு பெண்பிள்ளைகள், இப்போது வேறு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டாலும், புதுச் சீருடையோடு வந்தார்கள். படிப்பு உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டு. ஒருத்தியின் அப்பா மேடை ஏறவே கூச்சப்பட்டார். ஏறியதும் மைக்கை வாங்கி, "பணம் என் கைக்கு வருமா, அவ கணக்குக்கா?" என்றார். அவள் கணக்குக்குத்தான் என்றோம். "அப்போ சரி" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

கேரம் ஆடுகிற ஆறு பேருக்கும் பரிசு தந்தோம். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்த பிறகு, எங்கள் தெருப் பலகையைச் சுற்றிப் பெண்பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஆறு பேரில் நான்கு பேர் பெண்கள். பலகையும் பவுடரும் வாங்கித் தந்த முன்னாள் மாணவர்களே, ஸ்ட்ரைக்கர் ஒன்று ஏற்கெனவே காணாமல் போய்விட்டது, கோபிக்காதீர்கள்.

விடுப்பே எடுக்காத மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் பரிசு உண்டு. "எப்படிடா?" என்றதற்கு, "வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க" என்றான். சிரித்தோம். அப்புறம் சிரிக்கவில்லை.

மைக்செட் தம்பி, பாதியில் கரகரத்தாலும் வாடகையைக் குறைத்துக்கொண்டீர்கள், நன்றி. கவுன்சிலர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், அவருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் தெருவில் பார்க்கும்போது திட்டிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு கறுப்புக் குடை, ஒரு எவர்சில்வர் டம்ளர், குழந்தையின் ஒற்றைச் செருப்பு மூன்றும் தலைமை ஆசிரியர் அறையில் இருக்கின்றன. வாடகைக் கடையின் ஏழு நாற்காலியும் இன்னும் எங்களிடம்தான். அண்ணா, வண்டி அனுப்புங்கள்.

அன்புடன்,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, காசிமேடு