"வாடிக்கையாளர் வரவில்லை" என்று எழுதியதைத் திருத்துங்கள்: நாங்கள் மூன்று பேரும் வந்தோம்

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் 'கலைப் பயணம்' பேக்கேஜில் பெங்களூருக்கு நடன நிகழ்ச்சி பார்க்க வந்து, உங்கள் கார் வராததால் அதைத் தவறவிட்டது பற்றி நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம் இது. முதல் ஐந்துக்கும் ஒரே பதில்தான் வந்தது. "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியம், 48 மணி நேரத்தில் தொடர்பு கொள்கிறோம்." அந்த 48 மணி நேரம் ஆரம்பித்து இன்றோடு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை ஆப்பைத் திறந்து பார்த்தால், பச்சை டிக் போட்டு புகாரையே முடித்து வைத்திருக்கிறீர்கள். காரணம் என்று கீழே ஒரு வரி: "வாடிக்கையாளர் வரவில்லை. பணம் திருப்பித் தரப்படாது."

வரவில்லையா? விடியற்காலை நாலரைக்கு எழுந்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, மூட்டு வலியோடு இருக்கிற அறுபத்தெட்டு வயது அப்பாவைக் கைப்பிடித்து ஏற்றிக்கொண்டு, தர்மபுரியிலிருந்து பெங்களூர் வரை வந்து, நீங்கள் சொன்ன இடத்தில், நீங்கள் சொன்னதற்காக, ஒரு மணி பத்து நிமிஷம் வெயிலில் நின்ற எங்களைத்தான் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த ஒரு வரிதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

உங்கள் 'கலைப் பயணம்' பேக்கேஜ் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் டிக்கெட், ஸ்டேஷனிலிருந்து அரங்கத்துக்குக் கார், நிகழ்ச்சி டிக்கெட், மறுபடி ஸ்டேஷனுக்குக் கார், எல்லாம் சேர்த்து தலைக்கு 1,850 ரூபாய். நான், என் அப்பா, பதினொன்றாம் வகுப்பு படிக்கிற என் மகள், மூன்று பேருக்கு 5,550 ரூபாயை ஒரே தவணையில் கட்டினேன். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு, மதியம் 3 மணி நிகழ்ச்சி.

நான் தர்மபுரி நாலு ரோடு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவுக்கு பரத உடுப்பு, கும்மி, கரகம், ஒயிலாட்டம் என்று எல்லா உடுப்பும் தைப்பேன். பிப்ரவரி என்றால் எங்களுக்கு ஞாயிறும் கிடையாது, ராத்திரியும் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன் என்றால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் மகள் ஏழு வருஷமாகப் பரதம் கற்றுக்கொள்கிறாள். நடனக் கலைஞர் சந்திரலேகா அம்மா 1980களிலேயே பரதம், யோகா, கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயட்டு மூன்றையும் ஒரே மேடைக்குக் கொண்டு வந்ததைப் பற்றி எங்கேயோ படித்ததிலிருந்து, நவீன நடனத்தை நேரில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பெங்களூரில் 1992-லிருந்து 'ஆட்டக்களரி' என்று அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். அந்தப் பேரைக் கேட்டதும் என் அப்பாவுக்கும் ஆசை வந்துவிட்டது. அவர் முப்பது வருஷம் தெருக்கூத்தில் இருந்தவர், கல்யாண முருங்கை மரத்தில் கிரீடமும் தோளில் கட்டுகிற புஜகீர்த்தியும் செதுக்கி கண்ணாடி ஒட்டுகிற வேலை. "ஆட்டம்னும் இருக்கு, களரின்னும் இருக்கு, அப்ப நம்ம ஆளுங்கதான், நானும் வரேன்" என்றார். எங்கள் ஊருக்கு இப்படி ஒரு நிகழ்ச்சி என்றைக்கு வரப்போகிறது?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கணினியில் எல்லாம் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்.

ரயில் நன்றாகவே போயிற்று. பாலக்கோடு, ராயக்கோட்டை, கெலமங்கலம் எல்லாம் தாண்டி, ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒரு இடத்தில் எதிர் வண்டிக்காக நின்று, கொஞ்சம் தாமதமாக 12.55-க்கு பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா முனையத்தில் இறங்கினோம். ரயில்வே மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 3 மணி நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் கையில் இருந்தது.

கார் இல்லை. வவுச்சரில் இருந்த டிரைவர் எண்ணுக்குப் போட்டால் அவர் மெஜஸ்டிக்கில், ஊர் நடுவில் இருக்கிற பெரிய ஸ்டேஷனில் நிற்கிறாராம். "பெங்களூர் ஸ்டேஷன் அந்த ஹேளிதாரே" என்றார் பாவம், பெங்களூர் ஸ்டேஷன் என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்களாம். பெங்களூரில் எத்தனை ஸ்டேஷன் என்று ரயில் டிக்கெட் விற்கிற உங்களுக்குத் தெரியாதா? எங்கள் தர்மபுரி வழியாகப் போகிற வண்டியிலேயே வந்தே பாரத் கன்டோன்மென்ட்டோடு நின்றுவிடும், இன்னொன்று யஷ்வந்த்பூர், இன்னொன்று பையப்பனஹள்ளி. அந்த முனையம் 2022-லிருந்து ஓடுகிறது, நேற்று முளைத்ததில்லை. டிக்கெட்டை எடுத்ததும் நீங்கள், காரை அனுப்பியதும் நீங்கள். டிக்கெட்டில் ஒரு ஸ்டேஷன், கார் இன்னொரு ஸ்டேஷன்.

இதுகூடத் தவறு என்று விட்டுவிடுவேன். தப்பு எல்லாருக்கும் நடக்கும், நானும் அளவு மாற்றி ஜாக்கெட் வெட்டியிருக்கிறேன். ஆனால் 1.05-க்கு உங்கள் உதவி எண்ணுக்கு நான் போன் செய்தபோது எடுத்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "அங்கேயே நில்லுங்க மேடம். இடத்தை விட்டு நகர்ந்தீங்கன்னா சிஸ்டம்ல நோ ஷோ ஆயிடும், பணம் வராது." நோ ஷோ என்றால் வாடிக்கையாளர் வரவில்லை என்று அர்த்தமாம். நான் கேட்டேன், ஆட்டோ பிடித்து நாங்களே போய்விடட்டுமா, மெட்ரோவில் போகட்டுமா என்று. "நகராதீங்க" என்று மறுபடியும் சொன்னார். நாங்கள் நகரவில்லை. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றோம். 1.20-க்கு ஒரு தடவை, 1.45-க்கு ஒரு தடவை போட்டேன். இரண்டு தடவையும் "டிரைவர் பத்து நிமிஷத்துல வந்துருவார்". மெஜஸ்டிக்கிலிருந்து பையப்பனஹள்ளிக்குப் பத்து நிமிஷத்தில் யார் வர முடியும்? அப்பா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அவருக்கென்று நான் தைத்த புதுச் சட்டை, முதுகு முழுக்க நனைந்து போயிற்று.

2 மணிக்கு நாலாவது தடவை போட்டபோது எடுத்தவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க எழுத வேண்டும் என்று நினைத்தேன். பேரைக் கேட்டேன், சொல்லவில்லை. மூன்று பேரும் நிற்கிறோம், பெரியவர் இருக்கிறார், நிகழ்ச்சி 3 மணிக்கு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் சிரித்தார். "டான்ஸ்தானே மேடம், யூடியூப்ல பாத்துக்கலாமே. இதுக்கா தர்மபுரிலேர்ந்து வந்தீங்க?"

ஆமாம், இதற்காகத்தான் தர்மபுரியிலிருந்து வந்தோம். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? தர்மபுரிக்காரர்கள் நடனம் பார்க்கக் கூடாதா? யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நீங்கள் எதற்காக இந்த பேக்கேஜை விற்கிறீர்கள்? ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் மகளும் கேட்டாள். உங்கள் இயந்திரம் ஒவ்வொரு தடவையும் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று சொல்கிறதல்லவா, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள். உங்கள் முதலாளியையும் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்கு மேல் நான் நிற்கவில்லை. 620 ரூபாய்க்கு ஆட்டோ பேசி, ஜெயநகர் பக்கம் இருக்கிற அந்த அரங்கத்துக்குப் போய்ச் சேரும்போது மணி 3.17. கதவு சாத்தியாயிற்று. அரங்கத்துக்காரர்கள் மேலேயும் எனக்குக் கோபமில்லை, தண்ணீர் கொடுத்தார்கள், அப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள், ஆனால் உள்ளே விட முடியாது என்றார்கள். இந்த நடனம் இருட்டில், சத்தமே இல்லாமல், தரையில் படுத்த நிலையில் தொடங்குகிறதாம். முதல் பத்து நிமிஷம் ஆடுகிறவர்களின் மூச்சுதான் தாளமாம். நடுவில் கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும் என்றார்கள். நியாயம்தான். பெங்களூரில் ரங்க சங்கரா என்ற நாடக அரங்கத்தில் 2004-ல் திறந்த நாளிலிருந்தே மணி அடித்தால் கதவு மூடிவிடும் என்று நாடகம் பார்க்கிற அத்தனை பேருக்கும் தெரியும். இந்த ஊர் அரங்கங்களுக்கு டிக்கெட் விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே எங்களை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைத்தீர்கள்.

அப்பாவுக்கு இது புரியவேயில்லை. கூத்துக்குக் கதவு ஏது? பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும், நடுச்சாமத்தில் வந்தாலும் பாயை நகர்த்தி இடம் கொடுப்பார்கள். அவர் அந்தச் சாத்தின கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பலகைத் தரையில் கால் விழுகிற சத்தம் கேட்டது. சலங்கை இல்லை, வெறும் கால். "நாலு பேர் ஆடறாங்க, ஒருத்தருக்கு இடது கால் கனமா விழுது" என்று அவர் சொல்லச் சொல்ல என் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தோம். ஜனங்கள் கைதட்டிவிட்டு வெளியே வந்தார்கள், நாங்கள் எழுந்தோம். திரும்பிப் போகவும் உங்கள் கார் வரவில்லை, அதற்கு ஒரு 540.

இதோடு முடிந்ததா? அதுதான் இல்லை. பணத்தைக் கேட்டதற்கு, ஒரிஜினல் வவுச்சரை கிருஷ்ணகிரி கிளையில் நேரில் காட்ட வேண்டும் என்றார்கள். எந்த இடம் என்றால் "கிருஷ்ணகிரி ரயில்வே ஸ்டேஷன் எதிரில்" என்கிறார் உங்கள் ஆள். அய்யா, கிருஷ்ணகிரி டவுனில் ரயில்வே ஸ்டேஷனே கிடையாது! மாவட்டத் தலைநகர், அங்கே ரயில் வேண்டும் என்று ஜனங்கள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்த சின்ன பாதையையும் அப்போதே மூடிவிட்டார்கள். சொன்னேன், "அட்ரஸ்ல அப்படித்தான் மேடம் இருக்கு" என்றார். இன்னொரு நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு மணி நேரம் விசாரித்து, கடைசியில் கண்டுபிடித்தது பூட்டிய செல்போன் கடை. பக்கத்து டீக்கடைக்காரர், காலி செய்து மூன்று மாசம் ஆகிறது என்றார். அன்றைக்கு ஒப்புக்கொண்ட பதினெட்டு கும்மி உடுப்பு தாமதமாகி, அந்தப் பள்ளிக்கூடத்தின் வேலையே இனி எனக்கு வராது. என் பிழைப்பே போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு கூப்பன் அனுப்பினீர்கள், 300 ரூபாய், முப்பது நாளுக்குள் ஏதாவது கடற்கரைப் பயணத்துக்குப் பயன்படுத்தலாம் என்று. அதை நான் தொடவில்லை. கூப்பனை ஏற்றுக்கொள்கிற பட்டனை அழுத்தினால் புகாரைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பதை என் மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். சண்டை போட எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. 5,550 ரூபாயும் இரண்டு ஆட்டோவுக்கான 1,160 ரூபாயும் சேர்த்து 6,710 ரூபாய் என் கணக்குக்கு வர வேண்டும். "வாடிக்கையாளர் வரவில்லை" என்ற வரியை எடுத்துவிட்டு "நிறுவனத்தின் கார் வரவில்லை" என்று எழுத வேண்டும். யூடியூபில் பார்க்கச் சொன்னவர் என் அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும், எனக்கு வேண்டாம், அப்பாவுக்கு. இவ்வளவுதான், இதைச் செய்தால் நானே நல்லபடியாக இரண்டு வரி எழுதிப் போடுகிறேன்.

செய்யவில்லையென்றால் நான் சும்மா இருக்கப் போவதில்லை. 2020 மின்வணிக விதிகள்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் குறைதீர்ப்பு அலுவலர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த ஒரு மாதம் போய்விட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியப் போகிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நான் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். தர்மபுரி நுகர்வோர் ஆணையத்துக்கு என் கடையிலிருந்து பஸ்கூடத் தேவையில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷம் வரைக்கும் போடலாம் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அங்கே போனால் 6,710 மட்டும் கேட்க மாட்டேன், மன உளைச்சலுக்கு 50,000 சேர்த்துத்தான் கேட்பேன். ரயில் டிக்கெட், ஆட்டோ ரசீது, போன் நேரங்கள், அரங்கத்தில் என் மகள் வாங்கி வைத்த நிகழ்ச்சித் தாள், அந்தப் பூட்டிய கடையின் போட்டோ, எல்லாம் ஒரே கவரில் இருக்கிறது.

வருகிற வெள்ளி வரை பார்க்கிறேன். போனில் பேச வேண்டாம், எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தர்மபுரியிலிருந்து வந்த மூன்று பேரில் ஒருத்தி

பின்குறிப்பு: அன்றைக்கு மெஜஸ்டிக்கில் நின்ற டிரைவர் மீது எனக்குப் புகார் இல்லை. நீங்கள் சொன்ன இடத்தில் அவரும் எங்களைப் போலவே காத்துக்கொண்டுதான் இருந்தார். எங்களைக் காரணம் காட்டி அவர் கூலியைப் பிடித்திருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள்.