இறந்தவர் வாயில் வாக்குமூலம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசியல் சதிப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அமெரிக்க அதிபர் கென்னடி கொலையைப் பற்றிய ஆலிவர் ஸ்டோனின் 'ஜே.எஃப்.கே.' (1991) படத்தை வாயாரப் புகழ்ந்திருந்தது. விறுவிறுப்பில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் கண்ணை எடுக்க விடாத படம். ஆனால், சினிமா என்றால் சரித்திரம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிப் போனதை ஏற்க முடியவில்லை.

என்னிடம் ஜூனியராக இருக்கும் தம்பி அண்மையில்தான் அந்தப் படம் பார்த்தார். மறுநாள் கோர்ட் வராந்தாவில், "டேவிட் ஃபெர்ரியே ஒத்துக்கிட்டாரே சார், அப்புறம் கிளே ஷா எப்படி விடுதலை ஆனாரு?" என்று கேட்டார். கென்னடி கொலைச் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஷா; அதே சதியில் சந்தேகிக்கப்பட்ட விமானி ஃபெர்ரி. சட்டம் படித்தவர் கேட்கும் கேள்வி இது! படத்தில் ஃபெர்ரி ஓட்டல் அறையில் வியர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் கொட்டுகிறார். நிஜத்தில் அவர் அரசு வழக்கறிஞர் ஜிம் கேரிசனிடம் அப்படி எந்த வாக்குமூலமும் தரவில்லை. கொலையில் பங்கில்லை என்றே சொல்லிவந்தவர், 1967 பிப்ரவரியில் இறந்துபோனார். கிளே ஷாவை 1969-ல் ஜூரிகள் ஒரு மணி நேரத்துக்குள் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். தீர்ப்பைப் படமும் காட்டுகிறது. ஆனால் வாக்குமூலத்தைக் கண்ணால் பார்த்துவிட்டவருக்குத் தீர்ப்பு எங்கே மனதில் நிற்கும்? ஷா 1974-லேயே காலமானார். குறுக்கு விசாரணைக்கு ஆளே இல்லாத இடத்தில் வைத்த சாட்சியம் அது.

அந்தப் படத்தால்தான் ரகசிய ஆவணங்கள் வெளிவந்தன என்கிறார் கட்டுரையாளர். உண்மைதான், 1992-ல் அதற்கென்றே சட்டம் வந்தது. ஆனால் மக்களை உலுக்கியது எது? கொலையை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கோப்புகள் 2029 வரை பூட்டிக்கிடக்கும் என்று படத்தின் முடிவில் வந்த எழுத்து. அந்தச் சட்டப்படி அமைந்த மறுஆய்வு வாரியமே, படம் பெரும்பாலும் கற்பனை, அந்த முடிவுத் தகவல் மட்டும் உண்மை என்று தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. ஊருக்கு நல்லது செய்த இடம், இயக்குநர் உண்மையைச் சொன்ன இடம்.

வேலூர்க்காரனான எனக்கு இது தூரத்துச் சங்கதியாகப் படவில்லை. 1806 ஜூலை 10 விடியுமுன் எங்கள் கோட்டைக்குள் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது அங்கே காவலில் இருந்த திப்பு மகன்களின் சதியா, புதுத் தலைப்பாகையும் நெற்றிக்குறி, தாடித் தடையும் மூட்டிய கோபமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கம்பெனி விசாரணையில் இரண்டுமே பேசப்பட்டன. இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். கவர்னர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். நாளைக்கு ஒருவர் இதைப் படமாக எடுத்து, திப்பு மகன் ஒருவர் விளக்கொளியில் கொலை உத்தரவில் கையெழுத்திடுவதாகக் காட்டிவிட்டால், ஆண்டுதோறும் மக்கான் பக்கத்து நினைவுத்தூணில் மாலை போடும் எங்கள் பிள்ளைகள் அதையே நம்புவார்கள்.

அப்படிக் கூட்டிச் சேர்க்க அவசியமும் கிடையாது. முந்தின நாள் கோட்டைக்குள் திப்பு மகளின் கல்யாணக் கோலாகலம். அதற்கு முந்தின மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று வெள்ளை அதிகாரியிடம் போய்ச் சொல்ல, பைத்தியம் என்று அவரையே அடைத்தார்கள். இதைவிடப் பெரிய திருப்பத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதிவிட முடியும்?

கற்பனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெயரை மாற்றிவிட்டு என்ன சதி வேண்டுமானாலும் எடுக்கட்டும். நிஜப் பெயரை வைத்தால், அவர் செய்யாத குற்றத்தை அவர் வாயால் ஒப்புக்கொள்ள வைக்கக் கூடாது. தங்கள் இதழிலும் இத்தகைய படங்களுக்கு விமர்சனம் எழுதும்போது, எந்தக் காட்சி ஆவணத்தில் உள்ளது, எது சேர்த்தது என்று ஒரு பத்தியாவது தனியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞரான ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.