பால் கணக்கில் தெரிந்த மறதி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெண்களுக்கு அல்சைமர் என்ற மறதி நோய் அதிகம் வருவதற்கு அவர்களின் நீண்ட ஆயுளே காரணம் என்று உங்கள் ஞாயிறு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. என் மனைவியின் கதை அந்த வரிக்குள் அடங்காது.

பால் கணக்கை நாள்காட்டியில் பென்சிலால் குறிப்பது அவள் வழக்கம். ஐந்து ஆண்டுகளுக்கு முன், அடுத்தடுத்து இரண்டு மாதம், கொடுத்த பணத்தையே மறுபடியும் கொடுத்தாள். பால்காரர்தான் திருப்பித் தந்தார். மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வரிசையாகச் சில சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். மடமடவென்று ஒப்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பாதிகூட வரவில்லை. "சோதனை உங்களுக்குத்தான் வேண்டும் சார்" என்றார். சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம். இரண்டு ஆண்டு கழித்து எடுத்த ஸ்கேனில், நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் நன்றாகவே சுருங்கியிருந்தது.

அன்று ஏன் ஏமாந்தோம் என்பது, சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் எரின் சண்டர்மனின் ஆய்வுகளைப் படித்தபோதுதான் விளங்கியது. சொற்களை நினைவில் வைப்பதில் பொதுவாகப் பெண்கள் ஆண்களை முந்துகிறார்கள். மூளைச் சேதம் இருவருக்கும் ஒரே அளவில் இருந்தாலும், தொடக்க நிலையில் பெண்களின் மதிப்பெண் நோயைக் காட்டிக்கொடுப்பதில்லை. 2019இல் அவரது குழு ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அளவுகோல் வைத்துப் பார்த்தது. பொது அளவுகோலில் தப்பிப் போன பெண்கள் தெரியவந்தார்கள். குறை இல்லாமலே குறையுள்ளவர்கள் என்று எழுதப்பட்ட ஆண்களும்தான். (அந்தப் பட்டியலில் நானும் சேர்ந்திருப்பேன்.)

ரத்தத்துக்கு வாய்ச்சாமர்த்தியம் கிடையாது. அல்சைமரோடு தொடர்புடைய பி-டௌ217, அமிலாய்டு ஆகிய புரதங்களின் விகிதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அனுமதி அளித்தது. அறிகுறி தென்பட்டவர்களுக்கானது அது. அது எல்லா ஊருக்கும் வந்து சேரும்வரை சொல் பட்டியல்தான் நமக்குக் கதி.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதிலும் பெண்களிடம்தான் பாதிப்பு அதிகம். நம் மருத்துவமனைகளில் பெண்களுக்குத் தனி அளவுகோல் பின்பற்றப்படுகிறதா, பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கு எந்த அளவுகோல் என்பதை உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
மன்னார்குடி