புது லேப்டாப் வேண்டாம், கண்ணு

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அந்தப் பழைய பெட்டியைத் தூக்கிப் போடும்மா, புது லேப்டாப் வாங்கி அனுப்பறேன்" என்றாய். சரி, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், நீ போட்டுக் கொடுத்த அதே லினக்ஸ் இயங்குதளத்தில்.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி ஞாபகம் இருக்கிறதா? முன்பிருந்த இயங்குதளம், இனி உன் கம்ப்யூட்டருக்குப் புதிய பதிப்பு கிடையாது என்று தினமும் எச்சரித்துக்கொண்டிருந்தது. நீ ஒரு பென்டிரைவைச் செருகி, எதையும் இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஓடவிட்டுக் காட்டினாய். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டரைக் கண்டுகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் டிஸ்கில் கை வைத்தாய். ராம் 4 ஜிபிதான் என்பதால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் போதும் என்றாய். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு வேகமான எஸ்எஸ்டி மாட்டினாய். அன்றைக்கு நீ செய்ததெல்லாம் இன்றுவரை அப்படியே ஓடுகிறது. நடுவில் நானே அதை மின்ட் 22-க்கு உயர்த்திவிட்டேன். அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆகவே, பெட்டி பழசாகிவிட்டது என்ற காரணம் இப்போதைக்குச் செல்லாது.

ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் அது இல்லை. தாத்தாவின் குறிப்புகள்தான் காரணம்.

1998-இல் தாத்தா தன் ரேடியோ வேலையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் சாயங்காலங்களில் டைப் அடித்தேன். நீ அவர் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பழைய ரேடியோக்களின் கண்ணாடிக்குழல் வால்வுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாய். 112 பக்கம். அந்த ஃபைல் ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்குப் போய், சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு வந்து, அங்கேயே கிடந்தது. அதை எழுதிய மென்பொருள் எப்போதோ நின்றுபோயிற்று. எத்தனையோ முறை திறக்கப் பார்த்தேன், "தெரியாத வகைக் கோப்பு" என்றுதான் வந்தது. உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தாத்தாவின் பேச்சைத் தொலைத்தவள் நான்தான் என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை, அதனால் சொல்லவில்லை.

ஒரு நாள் சும்மா லிப்ரே ஆபீஸ் என்ற இலவச எழுத்து மென்பொருளில் இழுத்துப் போட்டேன். திறந்துவிட்டது. எப்படி என்று பிறகு தேடிப் படித்தேன். கைவிடப்பட்ட பழைய ஃபைல் வகைகளை ஒவ்வொரு பைட்டாக ஆராய்ந்து, எது எழுத்து, எது பத்தி என்று தாங்களாகவே கண்டுபிடித்து, படிக்கும் நிரல்களை எழுதி வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 2014-இல் டாக்குமென்ட் லிபரேஷன் என்ற பெயரில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். முகம் தெரியாத யாரோ அப்படி உட்கார்ந்து வேலை பார்த்திருக்காவிட்டால் அந்த 112 பக்கமும் போனதுதான்.

திறந்தது சரி, ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகள். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் முறை எங்கும் பரவாத காலத்தில் பாமினி என்ற எழுத்துருவில் அடித்தது அல்லவா? அந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருந்தார்கள். எழுத்துரு இல்லை என்றால் படம் போய்விடும், ஆங்கிலம்தான் மிஞ்சும். முதல் வரியில் எம், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச் என்று ஒரு சொல். பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் என்னை அறியாமல் விரல்கள் மேஜைமேல் அசைந்தன. அந்த எழுத்துரு தமிழ்த் தட்டச்சுப் பலகையை ஒட்டிச் செய்தது. நான் எத்தனை வருஷம் தட்டச்சில் வேலை பார்த்தவள்! கண்ணுக்குப் புரியாதது கைக்குப் புரிந்தது. எம் என்ற இடத்தில் அ, ஜி என்ற இடத்தில் ப, அரைப்புள்ளியில் மெய்யின் புள்ளி, எச் என்ற இடத்தில் கால். "அப்பா" என்று எழுதியிருந்தேன். நான் அடித்த வாக்கியம் அது: "அப்பா சொன்னபடியே எழுதுகிறேன்." அன்றைக்கு நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

விரலை அசைத்து அசைத்து 112 பக்கம் படிக்க முடியாது. ஓப்பன்-தமிழ் என்று பைத்தான் நிரல்மொழியில் ஒரு நிரல் தொகுப்பு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பாமினி, டிஸ்கி, டேப், டேம் போன்ற பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் வசதி அதில் உண்டு. நாலைந்து வரி எழுதினால் போதும் என்று போட்டிருந்தது. எனக்கு அந்த நாலைந்து வரிக்கு ஒரு சனி, ஞாயிறு முழுவதும் ஆயிற்று. கடைசியில் எண்டர் தட்டினேன், ஒரு நொடிகூட ஆகவில்லை, தாத்தா தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒரு சிக்கல் வந்தது. தாத்தா வால்வு எண்களை ஆங்கிலத்தில்தான் சொல்வார். இசிஎல் 82, ஈஎல் 84, இசிஎச் 81. மாற்றும் நிரலுக்கு எது பாமினி, எது நிஜமான ஆங்கிலம் என்று தெரியாது, நான் வெறும் எழுத்தாக எடுத்துக் கொடுத்ததில் எழுத்துருவின் பெயர் போய்விட்டது. எனவே அந்த எண்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாக மாறியிருந்தன. மூல ஃபைலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரிதான் இருந்தது.

புதிதாக டைப் அடிப்பதற்கும் நான் எதையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் வருகிறது, ஒலிபெயர்ப்பு முறையும் வருகிறது, என்னுடைய பழைய தட்டச்சு முறையும் வருகிறது. நீங்களெல்லாம் ஒலிபெயர்ப்பில் அடிக்கிறீர்கள். என் கை பழகிய பலகைக்கும் யாரோ ஒருவர் நேரம் செலவழித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம். எம்முக்கும் என்னுக்கும் நடுவே 17 எழுத்து வருகிற ஒரு நீளமான ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாம் அந்தப் பெயர், பல மொழிகளுக்கும் இடம் கொடுப்பது என்று பொருள்.

இப்போது தாத்தாவின் குறிப்புகள் ஓடிடி (.odt) ஃபைலாக, அதாவது லிப்ரே ஆபீஸ் சேமிக்கிற வடிவத்தில், இருக்கின்றன. அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் திறந்தே பார்த்துவிட்டேன். நீயும் செய்து பார். ஃபைலின் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் ஓடிடி என்பதை அழித்து ஜிப் என்று போடு. பிரித்தால் உள்ளே கன்டென்ட் எக்ஸ்எம்எல் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே தாத்தாவின் வாக்கியங்கள் அப்படியே தமிழில் தெரியும். இந்த வடிவம் 2006-இல் சர்வதேச ஐஎஸ்ஓ தரமாக ஆனது, அதன் முழு விவரமும் எழுத்தில் இருக்கிறது. நாளைக்கே லிப்ரே ஆபீஸ் என்று ஒன்று இல்லாமல் போனாலும் உன் பேரப்பிள்ளை இதைப் படிக்கலாம். என்னைப் போல அவர்கள் இருபது வருஷம் தவிக்க வேண்டாம்.

தாத்தாவின் குறிப்புகளில் மூன்றாம் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறார். அந்தக் காலத்து வால்வு ரேடியோ பலவற்றில் பின்பலகையின் உள்பக்கம் சர்க்யூட் படம் ஒட்டியிருக்குமாம். நாலு திருகைக் கழற்றினால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். "செய்தவன் எனக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி" என்கிறார். பின்னால் வந்த பெட்டிகளில் அந்தத் தாள் இல்லாமல் போனதைத்தான் அவர் ரொம்ப நொந்துகொள்கிறார். இதைப் படித்த அன்று எனக்கு ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்க நிரலரின் கதை நினைவுக்கு வந்தது. 1980 வாக்கில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புது லேசர் பிரிண்டர் வந்தபோது அதன் மூல நிரலை, அதாவது படித்துத் திருத்தக்கூடிய வடிவில் உள்ள நிரலை, கொடுக்கவில்லை. வேறொரு இடத்தில் அதை வைத்திருந்தவரிடம் நேரில் போய்க் கேட்டார், யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாக அவர் மறுத்துவிட்டார். தாள் சிக்கும் பிரிண்டரை எதிரே வைத்துக்கொண்டு திருத்த முடியாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும்! 1983-இல் ஸ்டால்மன், யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் பொழுதுபோக்காக ஒரு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, எழுதி வெளியிட்டார், அதுதான் லினக்ஸ், மறு வருஷம் அதை யாரும் திருத்திப் பகிர உரிமை தரும் குனுவின் ஜிபிஎல் உரிமத்துக்குக் கீழே கொண்டுவந்தார். தமிழுக்கு இடம் கொடுத்த யூனிகோடின் முதல் பதிப்பு வந்ததும் அதே 1991-தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றாலும் எனக்கு அந்த வருஷத்தின்மேல் ஒரு பிரியம்.

எல்லாமே சுகமாக நடக்கிறது என்று நினைத்துவிடாதே. சில பிடிஎஃப் படிவங்கள் இதில் திறப்பதே இல்லை, அதற்கு இன்னொருவர் கம்ப்யூட்டரைத்தான் நாட வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திரை கறுப்பாகவே நின்றது. கை கால் ஓடவில்லை. நீ தூங்குகிற நேரம், எழுப்ப மனமில்லை. போனில் தேடிப் படித்துவிட்டு, ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தேன். எதைக் கொண்டு தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியல் வந்தது. மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் முந்தின கெர்னலும் இருந்தது. புதுசைப் போடும்போது பழசை அழித்துவிடாமல் வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுத்தேன், எழுந்துகொண்டது. அடுத்த திருத்தம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. என் வீட்டுப் பெட்டியை நானே நிமிர்த்தினேன் என்ற தைரியம் இப்போது என்னிடம் இருக்கிறது. புது லேப்டாப் வந்தால் அதை மறுபடியும் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும்.

அப்புறம், லிப்ரே ஆபீஸின் தமிழ்ப் பட்டியலில் ஒரு சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது. கணக்குத் தொடங்கி வேறு சொல்லைப் பரிந்துரைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பில் அந்தச் சொல் என் திரையிலேயே வந்து நின்றது. ஒரே ஒரு சொல்தான். ஆனாலும் மெனுவைத் திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஆகையால் லேப்டாப் வேண்டாம், கண்ணு. அதற்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை லினக்ஸ் மின்ட்டுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் நன்கொடையாக அனுப்பு. இரண்டின் தளத்திலும் அதற்கு வழி இருக்கிறது. இலவசமாக எடுத்துக்கொண்டே இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வரும்போது ஒரு டிபி வெளி டிஸ்க் ஒன்று கொண்டு வா. ஒரு பிரதி பெட்டியில் இருக்கிறது, ஒன்று பென்டிரைவில். மூன்றாவது பிரதி உன் வீட்டில் இருக்க வேண்டும். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை நானே எழுதி வைத்திருக்கிறேன், நீ டிஸ்கைச் செருகினால் போதும்.

இன்னொரு விஷயம். 63-ஆம் பக்கத்தில் தாத்தா, "குருவி கத்தினால் முதலில் இசிஎச் 81-ஐப் பார்" என்கிறார். குருவி கத்துவது என்று அவர் எந்தச் சத்தத்தைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. டைப் அடிக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. நீ மேஜைக்குக் கீழே இருந்தாயே, உனக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் எழுது, அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா